பொடி எழுத்தில் இருக்கும் ஊர்ப்பெயர்

கேள்வி: வணக்கம் சார். பல வருடங்களாக ஒரே ஜெர்மன் லாகர் வகை பீரைத்தான் வாங்குகிறேன். வெளிநாட்டு பீர் என்பதால் கூடுதல் விலை கொடுத்தும் வருத்தப்பட்டதில்லை. போன மாதம் தற்செயலாக பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வேறொரு நாட்டின் பெயரும், 'உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்டது' என்ற வரியும் இருந்தன. ஏமாந்துவிட்ட மாதிரி இருந்தது. இதைக் கேட்ட நண்பர் ஒருவர் ஜெர்மனியிலேயே தயாரித்த அதே பீரை வாங்கிக் கொடுத்தார். அது பச்சை பாட்டில்; நான் வழக்கமாக வாங்குவது பழுப்பு. பச்சை பாட்டில் பீரில் ஒரு விதமான வாடை அடித்தது. "அதுதான் ஒரிஜினல் ருசி, உனக்குப் பழக்கமில்லை" என்கிறார் நண்பர். எது உண்மையான பீர்? தயாரிக்கும் இடம் மாறினால் தரம் மாறுமா? இறக்குமதி என்று கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தம் உண்டா?

பதில்:

நண்பரே, முதலில் அந்த வாடையைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உங்கள் கேள்வியின் பாதி விடை அதில்தான் இருக்கிறது. நண்பர் 'ஒரிஜினல் ருசி' என்று சொன்னது, நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால், வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போன பீரின் ருசி. அவர் மேல் தவறில்லை. கப்பலில் வந்து, கடையின் கண்ணாடி அலமாரியில் விளக்கடியில் மாதக்கணக்கில் நின்ற பச்சை பாட்டிலைத்தான் உலகம் முழுவதும் மக்கள் 'இம்போர்ட்டட் பீர்' என்று குடித்துப் பழகியிருக்கிறார்கள். அதனால் கெட்ட வாடையே அசலின் அடையாளமாகிவிட்டது. பீர் ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். இதைக் கேட்கும்போதெல்லாம் மனசு சங்கடப்படும். அந்த பீரைத் தயாரித்தவர் நிச்சயம் அப்படி ஒரு வாடையோடு அதை அனுப்பியிருக்க மாட்டார்.

உள்ளே நடப்பது இதுதான். பீருக்குக் கசப்பு தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. பீரில் இயல்பாகவே கொஞ்சம் ரைபோஃபிளேவினும் இருக்கிறது, அதாவது வைட்டமின் பி2. வெளிச்சம் பட்டால் ரைபோஃபிளேவின் அந்தச் சக்தியை வாங்கி ஹாப்ஸின் கசப்புப் பொருளை உடைக்கிறது. உடைந்த துண்டோடு கந்தகம் சேர்ந்து தையால் என்ற நாற்றமடிக்கும் கந்தகச் சேர்மம் உருவாகிறது. ஸ்கங்க் என்று வட அமெரிக்காவில் ஒரு பிராணி உண்டு. பயந்தால் நாற்றத்தைப் பீய்ச்சியடிக்கும். அந்த நாற்றத்தில் இருக்கும் பொருள்களுக்கு இது நெருங்கிய உறவு. ஒரு லிட்டர் பீரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். நிறமில்லாத பாட்டிலை நேர் வெயிலில் வைத்தால் சில நிமிடங்களே போதும். பழுப்புக் கண்ணாடி இந்த வேலையைச் செய்யும் ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பச்சைக் கண்ணாடி அந்த விஷயத்தில் அநேகமாக உதவாது. டின்னுக்கும் பீப்பாய்க்கும் இந்தப் பிரச்சினையே கிடையாது.

ஆக, உங்கள் இரண்டு பாட்டில்களுக்கும் நடுவில் நீங்கள் உணர்ந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கண்ணாடியின் நிறத்தாலும் வெளிச்சத்தாலும் வந்தது. எந்த ஊரில் தயாரித்தார்கள் என்பதற்கு அதில் அவ்வளவு பங்கு இல்லை.

வெளிச்சத்துக்கு அடுத்த எதிரி சூடு. லாகரைப் பாட்டிலில் அடைத்த நாளிலிருந்தே அது வயதாகத் தொடங்குகிறது. எவ்வளவு கவனமாக அடைத்தாலும் துளி ஆக்சிஜன் உள்ளே இருக்கும். நாளாக ஆக ஹாப்ஸின் மணம் மங்கும், பிறகு நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு ருசி வரும், அப்புறம் தேன், உலர்ந்த திராட்சை போன்ற ஒரு பழைய இனிப்பு. இது எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பதற்குத் தொழிலில் ஒரு கணக்குச் சொல்வோம்: 3, 30, 300. முப்பத்திரண்டு டிகிரி செல்சியஸில் 3 நாள், இருபத்திரண்டு டிகிரியில் 30 நாள், மூன்று டிகிரியில் 300 நாள் இருந்தால், பீருக்கு ஏறத்தாழ ஒரே அளவு வயதாகும். தோராயமான கணக்குதான். ஆனால் குளிரூட்டப்படாத சரக்குப் பெட்டியில் வெப்பமண்டலக் கடலைத் தாண்டி, துறைமுகத்தில் காத்துக்கிடந்து, கிடங்கில் தங்கி வரும் ஒரு பாட்டிலுக்கு என்ன ஆகும் என்று இதை வைத்து நீங்களே யோசித்துப் பார்க்கலாம்.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். ஒரு வெளிநாட்டு பிராண்டை உரிமம் பெற்றுத் தயாரித்த ஆலையில் சில காலம் இருந்தேன். மாதாமாதம் எங்கள் பீரின் மாதிரிகளை விமானத்தில் தாய் நிறுவனத்துக்கு அனுப்புவோம். அங்கே ருசி பார்க்கும் குழு பெயர் தெரியாமல் குடித்து மதிப்பெண் போடும். அவர்கள் ஊர் பீரும் எங்களுக்கு ஒப்பீட்டுக்காக வரும், ஆனால் கப்பலில். ஒரு முறை எங்கள் குழுவில் பத்துப் பேர் கண்மூடிச் சோதனை செய்தோம். எட்டுப் பேர் எங்கள் பீரைத்தான் 'அசல்' என்று எழுதினார்கள். காரணம் எங்கள் திறமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களுடையது மூன்று வாரத்து பீர். அவர்களுடையது ஏழு மாதத்து பீர், அதுவும் வழியில் வெந்து வந்தது. அதே மாதிரியை அவர்கள் ஆலை வாசலிலேயே குடித்திருந்தால் முடிவு தலைகீழாகவும் ஆகியிருக்கலாம்.

சரி, பயணத்தை ஒதுக்கிவிடுவோம். தயாரிக்கும்போதே இடத்தால் வித்தியாசம் வருமா?

பீரின் மூலப்பொருள் நான்கு. மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லி காய்ந்த தானியம், எங்கு வேண்டுமானாலும் போகும். ஹாப்ஸை உருண்டைகளாக அழுத்தி, காற்றுப் புகாமல் அடைத்து, குளிரில் அனுப்புகிறார்கள். ஈஸ்ட் இன்னும் சுலபம். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்ட் வளர்க்கும் முறையைக் கண்டார். மூன்று வருடம் கழித்து, 1886-இல், ஹைனகன் என்ற டச்சு பீர் நிறுவனத்துக்காக ஹார்டாக் எலியான் பிரித்தெடுத்த ஈஸ்ட் 'ஏ ஈஸ்ட்' என்ற பெயரில் இன்றும் அந்த நிறுவனத்தின் ஆலைகளுக்கு நெதர்லாந்திலிருந்து போகிறது.

மிச்சம் இருப்பது தண்ணீர். பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுதான் என்பதால் 'ஊர் தண்ணீர்' என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஒரு காலத்தில் அது முழு உண்மை. செக் நாட்டின் பில்சன் நகரத்து நீர் உப்பே இல்லாத அளவுக்கு மென்மையானது. 1842-இல் யோசஃப் க்ரோல் அங்கே பொன்னிற லாகரைத் தயாரித்தபோது, அந்த நீர்தான் கசப்பைக் கரடுமுரடு இல்லாமல் வைத்தது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து நீரில் ஜிப்சம் அதிகம். அதனால் அங்கே கசப்பு எடுப்பாக இருக்கும் ஏல் என்ற பீர் வகை வளர்ந்தது. அயர்லாந்தின் டப்ளின் நீரின் காரத்தன்மைக்குக் கறுக்க வறுத்த தானியம் பொருந்தியது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜிப்சம் சேர்த்து பர்ட்டன் நீரை வேறு ஊரில் உண்டாக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இன்றைய ஆலை தண்ணீரிலிருந்து எல்லா உப்பையும் வடிகட்டி எடுத்துவிட்டு, வேண்டியதை மட்டும் எடைபோட்டுச் சேர்க்கும். தண்ணீரைக் காரணம் காட்டி 'அங்கே வந்தால்தான் வரும்' என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

ஆகவே ஒரு சாதாரண லாகரை, மனமிருந்தால், எங்கேயும் அதே தரத்தில் தயாரிக்கலாம். இந்த 'மனமிருந்தால்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இடம் மாறும்போது செய்முறையையும் சத்தமில்லாமல் மாற்றிவிடுவது உண்டு. பிரிட்டனில் ஹைனகன் என்ற பெயரில் பல வருடம் விற்றது, விட்பிரெட் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரித்த 3.4 சதவீத ஆல்கஹால் பீர். நெதர்லாந்தில் அதே பெயரில் குடித்தது 5 சதவீதம். லேபிளில் அதே பச்சை, அதே நட்சத்திரம். 2003-இல்தான் அந்த மெலிந்த பீரை நிறுத்திவிட்டு 5 சதவீத ஹைனகனைக் கொண்டுவந்தார்கள். வரியும் இதைச் செய்யும். 2023 ஆகஸ்டில் பிரிட்டன் வரி முறையை மாற்றி, 3.5 சதவீதத்துக்குக் கீழே உள்ள பீருக்கு வரியைக் குறைத்தது. அங்கே தயாராகும் பிரபல வெளிநாட்டுப் பெயர்கள் சில அதைத் தொட்டு 3.4-க்கு இறங்கின. ஆல்கஹால் குறைவாக இருப்பது குறை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே பெயரில் இரண்டு பீர் இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். உங்கள் இரண்டு பாட்டில்களிலும் ஆல்கஹால் சதவீதம் ஒன்றேதானா என்று பாருங்கள். ஒன்று என்றால் எல்லாமே ஒன்று என்று அர்த்தமில்லை; வேறு என்றால் வேறு பீர்தான், அதில் சந்தேகம் வேண்டாம்.

செய்முறை மாறினால் மட்டமாகத்தான் ஆகும் என்றும் இல்லை. கின்னஸ் என்பது அயர்லாந்தின் கறுப்பு பீர், ஸ்டவுட் வகை. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நைஜீரியாவின் கின்னஸ். அங்கே 1980-களில் பார்லி இறக்குமதிக்குத் தடை வந்தபோது, சோளத்தை வைத்து ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட் என்ற கின்னஸ் வகையைத் தயாரிக்கப் பழகினார்கள். அயர்லாந்திலிருந்து கறுத்த, அடர்த்தியான ஒரு சாறு வரும். அங்கே காய்ச்சிய வெளிர் பீரில் அதைக் கலப்பார்கள். 7.5 சதவீதம், கனம், லேசான இனிப்பு. பிரிட்டனில் வாழும் நைஜீரியர்கள், பக்கத்தில் டப்ளின் கின்னஸ் இருக்கும்போதும், நைஜீரியாவில் தயாரித்ததைத் தேடி வாங்குகிறார்கள். கடையில் அது தனியாக இறக்குமதிச் சரக்காகவே நிற்கிறது. எது அசல் என்று அவர்களிடம் கேட்டால் லாகோஸ் என்றுதான் பதில் வரும், அந்தப் பதிலில் எனக்கு எந்தத் தவறும் தெரியவில்லை.

இடமே பீராக இருக்கும் சில வகைகள் உண்டு. அவற்றுக்குக் கூடுதல் விலை கொடுக்க நான் ஒருபோதும் தயங்கியதில்லை. பிரஸ்ஸல்ஸ் சுற்றுவட்டாரத்தின் லாம்பிக் அப்படிப்பட்டது. காய்ச்சிய சாற்றைக் கூரையடியில் பெரிய, ஆழமில்லாத செப்புத் தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து வைப்பார்கள். காற்றிலும் கட்டடத்திலும் மரப்பீப்பாயிலும் குடியிருக்கும் காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் இறங்கி, ஒன்றிரண்டு, சில நேரம் மூன்று வருடம் நொதிக்க வைக்கும். கோடையில் கெட்ட கிருமிகள் மிகும் என்பதால் குளிர்ந்த மாதங்களில் மட்டுமே தயாரிப்பார்கள். இதைப் பெயர்த்து வேறு ஊரில் வைக்க முடியாது. வேறிடத்தில் அதே முறையில் செய்தால் நல்ல பீர் வரலாம், ஆனால் அது வேறு பீர். லாம்பிக் புளிப்பானது, முதிர்ந்தது என்பதால் கப்பல் பயணத்தையும் லாகரைவிட நன்றாகத் தாங்கும்.

அதற்குக் கொஞ்சம் தள்ளி டிராப்பிஸ்ட் பீர்களை வைப்பேன். துறவிமடத்தின் சுவருக்குள், துறவிகளின் மேற்பார்வையில் தயாராக வேண்டும். வருமானம் மடத்தின் தேவைக்கும் தருமத்துக்கும் போக வேண்டும். இந்த நிபந்தனைகளுக்குத்தான் அந்த முத்திரை. பெல்ஜியத்தின் ஆகெல் மடத்தில் கடைசித் துறவிகளும் கிளம்பியதால் 2021-இல் அந்த பீருக்கு முத்திரை போயிற்று. மறுநாள் காலை பாட்டிலுக்குள் இருந்த பீர் முந்தைய நாள் பீர்தான். அப்படியென்றால் முத்திரைக்கு மதிப்பில்லையா? உண்டு. அது ருசிக்கான சான்று இல்லை, வாழ்க்கை முறைக்கான சான்று. அதற்காக விலை கொடுப்பவர் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கிறார்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொட்டது 'ஏமாந்துவிட்ட மாதிரி' என்ற வார்த்தை. "ருசி நன்றாக இருந்ததல்லவா, பிறகென்ன" என்று அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. இதே கோபம் அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பெக்ஸ், ஜெர்மனியின் பிரேமன் நகரத்து பீர். அமெரிக்காவில் விற்கும் பெக்ஸை 2012-இலிருந்து ஆன்ஹைசர்-புஷ் என்ற அமெரிக்க பீர் நிறுவனம் அங்கேயே, செயின்ட் லூயிஸில் தயாரிக்கத் தொடங்கியது. அட்டையில் 'ஜெர்மன் தரம்', '1516-இன் ஜெர்மன் தூய்மைச் சட்டப்படி' போன்ற வாசகங்கள் இருந்தன. (அந்தச் சட்டம் உண்மையில் பவேரியாவினுடையது. பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்று மட்டுமே சொன்னது. அட்டையில் போட அழகாக இருப்பதால் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.) 'அமெரிக்கத் தயாரிப்பு' என்பதும் இருந்தது, ஆனால் பளபளக்கும் பின்னணியில் வெள்ளைப் பொடி எழுத்தில். வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2015-இல் சமரசமாயிற்று: ரசீது வைத்திருந்த குடும்பத்துக்கு 50 டாலர் வரை, இல்லாதவர்களுக்கு 12 டாலர் வரை திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. தயாரிக்கும் இடத்தைத் தெளிவாகப் போடவும் ஒப்புக்கொண்டது.

அடுத்த வருடம் ரெட் ஸ்டிரைப் பற்றிய வழக்கில் தீர்ப்பு வேறு மாதிரி வந்தது. ஜமைக்காவின் பீர், அப்போது பென்சில்வேனியாவின் லாட்ரோப் ஊரில் தயாரானது. 'ஜமைக்கா பாணி லாகர்', 'ஜமைக்காவின் ருசி' என்றுதான் போட்டிருக்கிறார்கள், ஜமைக்காவில் தயாரித்தது என்று எங்கும் சொல்லவில்லை என்று கலிஃபோர்னியா நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 'பாணி' என்ற ஒரு சொல் எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள்! அதே 2016-இல் ஹைனகன் ரெட் ஸ்டிரைப்பின் தயாரிப்பை ஜமைக்காவுக்கே திருப்பிக் கொண்டுபோனது தனிக்கதை.

இறக்குமதிச் சரக்குக்கு விலை கூடுவதில் நியாயமான பங்கு உண்டு: கப்பல் வாடகை, சுங்கம், இறக்குமதியாளரின் பங்கு. உள்நாட்டிலேயே தயாராகும் உரிம பீரில் அந்தச் செலவு எதுவும் கிடையாது. பிராண்டுக்குக் கட்டும் உரிமத்தொகை மட்டும் உண்டு. ஆனாலும் பல சமயம் இறக்குமதி விலையையே வைக்கிறார்கள். பிரிட்டனில், பெல்ஜியத்தின் பெயர் கொண்ட ஸ்டெல்லா ஆர்ட்வா 1976-இலிருந்து உள்ளூரிலேயே தயாரான பீர். விலை அதிகம் என்பதையே பெருமையாகச் சொல்லி அதற்கு இருபது வருடங்களுக்கு மேல் விளம்பரம் செய்தார்கள். ஸ்பெயின் பெயரோடு 2020-இல் பிரிட்டனில் அறிமுகமான மாட்ரி, யார்க்‌ஷயரின் டாட்கேஸ்டரில் தயாராகிறது. குடிக்க நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தப் பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் கடல் தாண்டி வந்ததற்கான பணம் அல்ல.

ஆகவே உங்கள் விஷயத்தில் என் கருத்து இது. வழக்கமாக வாங்கும் உரிம லாகர் புதிதாகக் கிடைத்து, ருசியும் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் இறக்குமதி விலைக்கு வாங்காதீர்கள். அதே வகையில், அதே ஆல்கஹால் அளவில், இறக்குமதிப் பெயர் இல்லாத நல்ல லாகர் என்ன விலையோ அதை ஒட்டி இருந்தால் சரி. ஜெர்மனியிலிருந்து வருவதை வாங்கத் தோன்றினால் டின்னில் வாங்குங்கள், அல்லது மூடிய அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் பாட்டிலை எடுங்கள். முன்வரிசையில் விளக்கடியில் நிற்பதைத் தொடாதீர்கள். தேதியைப் பாருங்கள்: பெரிய லாகர்களுக்குப் பொதுவாக 9 முதல் 12 மாதம் வரை ஆயுள் கொடுப்பார்கள். காலாவதிக்கு இரண்டு மாதமே இருக்கிறதென்றால் அது ஏறக்குறைய தன் ஆயுளைக் கழித்துவிட்ட பீர், எந்த ஊரிலிருந்து வந்திருந்தாலும். லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் ஊர் கதை சொல்லும். 'தயாரித்த இடம்' என்ற வரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரை மட்டும் படியுங்கள். 'பாரம்பரியம்', 'பாணி', 'செய்முறைப்படி' போன்ற சொற்கள் வந்தால் இன்னும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள்.

நண்பரோடு வாதம் வேண்டாம், ஒரு சோதனை செய்யுங்கள். ஆய்வகத்தில் நாங்கள் முக்கோணச் சோதனை என்போம். இரண்டையும் டின்னில், முடிந்தவரை ஒட்டிய தேதியில் வாங்கி ஒரே அளவு குளிர வையுங்கள். வேறொருவர் மூன்று ஒரே மாதிரி கிளாஸ்களில் ஊற்றட்டும்: இரண்டில் ஒரு பீர், மூன்றாவதில் மற்றது. எது தனியானது என்று மட்டும் நண்பர் சொல்ல வேண்டும், எது பிடித்தது என்று அல்ல. குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாக வந்துவிடும் என்பதால் ஒரு முறை போதாது. ஐந்தாறு சுற்றாவது வேண்டும், ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்கு போதும், நடுவில் வெறும் தண்ணீர். ஒரே மாலையில் முடிக்க வேண்டிய அவசரமும் இல்லை, இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆறில் ஐந்து முறை அவர் சரியாகச் சொல்லிவிட்டால், அந்த இரண்டு ஆலைகளின் பீரும் உண்மையிலேயே வேறு. நீங்கள் அவருடைய நாக்கை நம்பலாம். முடிவு எதுவானாலும் எனக்கு எழுதுங்கள், இரண்டு டின்களின் தேதியையும் சேர்த்து.